பெட்டித் தங்கச்சி

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தங்கச்சிகள் இரண்டு. ஒருத்தி ஆள், இன்னொன்று பெட்டி. ஆள், முதலாளியின் கூடப் பிறந்தவள். பெட்டி, உள்ளறையில் ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, கருவிகள் சொல்லும் எண்களையெல்லாம் வாங்கி ரிப்போர்ட்டாக்கி அச்சுக்கு அனுப்பும் சர்வர்.

எப்போதாவது அச்சு நின்றால் வரவேற்பு மேஜைப் பெண் உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுப்பாள்.

"தங்கச்சி படுத்துட்டா!"

வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பெரியவர் யாராவது பதறிப் போவார். "ஐயய்யோ, யாரும்மா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார், பெட்டித் தங்கச்சி. ஆள் தங்கச்சி போய் ரெண்டு தட்டு தட்டினா எழுந்துடுவா."

இந்தக் கேலிக்கு அவளும் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன, அந்தப் பேரில் அவளுக்கு அவ்வளவு பெருமை! திரையில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஆங்கில எழுத்தில் 'தங்கச்சி' என்று நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் வேலையைத் தொடங்குவாள். வீட்டில் சாமி படம் பார்க்கிறவர்களுக்கு அது, இவளுக்கு இது.

பேர் வந்த கதை சின்னக் கதைதான். புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வாசலில் வந்து நின்ற காலம். சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு வார்த்தை. 'வாழாவெட்டி' என்று காதுபடவே சொன்னார்கள். அண்ணன்தான் எல்லார் வாயையும் அடைத்தான். "என் தங்கச்சிக்குச் சோறு போட எனக்குத் தெரியும், உங்க வேலையைப் பாருங்க" என்று கூடத்தில் நின்று கத்தினான். அந்த ஒரு சத்தத்துக்காக அவனுக்குக் காலம் முழுக்க உழைக்கலாம் என்று அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்தபடியே உழைத்தாள், பாவி மகள்.

அந்த வாரம்தான் சர்வர் வந்திறங்கியது. விற்றவன் யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அண்ணனுக்கு அதில் அரைகுறைப் பழக்கம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தவளை, சிரிக்க வைக்கவேண்டும் என்றே பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தான்.

"இதுக்கு ஒரு பேர் வைக்கணும். என்ன வைக்கலாம், சொல்லு பாப்போம்."

"எனக்கென்ன தெரியும்ணா?"

"நான் சொல்லட்டுமா?" என்றவன், மெஷினுக்குப் பேர் வைக்கும் கட்டளையாக ஹோஸ்ட்நேம் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, தங்கச்சி என்று அடித்தான். என்டர் தட்டினான். லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே நுழைந்தபோது திரையில் அவள் பேர். பேர் என்றால் பேரில்லை, உறவு. அது இன்னும் பெரிதல்லவா!

பெட்டியோடு வந்திருந்த தாளைச் சும்மா புரட்டியவள், "இதுல இன்னும் ஏதோ ஃபைல்ல எழுதணும்னு போட்டிருக்கேண்ணா" என்றாள்.

"அட, நீ வேற. ஓடுதுல்ல, போதும்."

போதும் என்று அண்ணன் சொன்னால் போதும்தான். அதற்குப் பிறகு அவளே எல்லாம் கற்றுக்கொண்டாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. திட்டு வாங்கி, அழுது, ராத்திரி பகல் பாராமல் படித்துக் கற்றுக்கொண்டாள். கருவிகளைப் பெட்டியோடு பேசவைத்தாள், ரிப்போர்ட் நிரலைச் சொந்தமாக எழுதினாள். ஒருமுறை ஒத்திகைக்காக வேறு கணினியில் போட்டுவைத்த நகல், தானும் ரிப்போர்ட் அடித்து, ஒரே நோயாளிக்கு இரண்டு விதமாகக் கொடுத்துத் தொலைத்தது. அதிலிருந்து நிரலுக்கு ஒரு காவல் வைத்தாள். எழுந்ததும் அது முதலில் கேட்கும், 'இந்த மெஷின் பேர் என்ன?' தங்கச்சி என்று பதில் வந்தால்தான் ஓடும். வேறு எந்தப் பேர் வந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நல்ல காவல்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு வந்த மற்றப் பெட்டிகளுக்கெல்லாம் அவளே பேர் வைத்தாள். எப்படி வைப்பாள் தெரியுமா? கட்டளையாகக் கொடுத்த பேர் மெஷினின் நினைவில் மட்டும்தான் நிற்கும், அணைத்தால் போய்விடும். அதனால் மெஷின் எழும்போது பேரைப் படித்துக்கொள்ளும் ஹோஸ்ட்நேம் கோப்பில் எழுதுவாள், பேர்ப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் ஒரு வரி சேர்ப்பாள், பிறகு பெட்டியை அணைத்துப் போட்டு, அந்தப் பேரோடேயே எழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுவாள். தங்கச்சியை மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. அதை அணைக்கவே இல்லை. மின்சாரம் போனால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் ஜெனரேட்டர் என்று கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் வைத்த பேரை யாராவது சோதித்துப் பார்ப்பார்களா? அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை.

நடுவில் வேறு ஊரிலிருந்து ஒரு நல்ல வேலை தேடி வந்தது. அண்ணன் விடவில்லை. "நீ போயிட்டா நான் இந்தக் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றான். அவள் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கு அப்புறம் அப்படி ஒன்று வரவும் இல்லை.

இப்படியே இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனி இந்த நிலையத்தை விலைக்குக் கேட்டது. அண்ணன் சரி என்றுவிட்டான். புதுக் கட்டடம், புதுக் கருவிகள், அண்ணனுக்கு இயக்குநர் பதவி. பழைய ஆட்களில் கொஞ்சம் பேரைத்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று பேச்சு கிளம்பியது. ரத்தம் எடுக்கிறவரிலிருந்து கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை எல்லாருக்கும் அதே பேச்சுதான், அதே பயம்தான்.

அவளுக்கும் பயம்தான். இந்த வயசில் இன்னொரு வாசலில் போய் நிற்கத் தெம்பில்லை. ஒரு மத்தியானம் அண்ணன் அறைக்குள் போய்க் கேட்டேவிட்டாள்.

"என் விஷயம் என்னண்ணா ஆச்சு?"

"உன் விஷயமா? அதெல்லாம் பேசிட்டேன் தங்கச்சி. அங்க கம்ப்யூட்டர் பகுதி முழுக்க உன் கையிலதான்."

"ஒரு ஆர்டர் மாதிரி ஏதாவது..."

"என்ன நீ? என்மேல நம்பிக்கை இல்லையா?"

இப்படிக் கேட்டுவிட்டால் அதற்கு மேல் எந்தத் தங்கச்சி வாயைத் திறப்பாள்? வெட்கத்தோடு வெளியே வந்தாள். கேட்டிருக்கவே கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஜாகை மாற்றுகிற நாளில் தன் கையாலேயே பெட்டியை அணைத்தாள். விசிறிச் சத்தம் நின்றதும் அறை என்னவோ போலிருந்தது. போர்வை சுற்றி, வண்டியில் மடிமேல் வைக்காத குறையாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொண்டுபோனாள். அண்ணன் பின்னால் வந்த காரிலிருந்து, "தங்கச்சி பத்திரம்!" என்று கத்தினான். எந்தத் தங்கச்சியைச் சொன்னான் என்று வரவேற்புப் பெண் கேட்டதற்கு வண்டியே சிரித்தது.

மறுநாள் காலை திறப்பு. கண்ணாடிக் கதவு, பளபளக்கும் தரை, நாற்காலி நிறைய நோயாளிகள். கம்பெனியிலிருந்து மேனேஜரம்மா வந்திருந்தாள். கூடவே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு இன்ஜினியர். கருவிகளைப் பொருத்துகிறவராக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பட்டுப்புடவையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணனும் பார்க்கட்டும் என்று, பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

விசிறி சுற்றியது. வரிகள் ஓடின. கடைசியில் திரை நின்று, உள்ளே வருகிறவர் யார் என்று கேட்டது. கேள்விக்கு முன்னால் பெட்டியின் பேர் இருக்கும் இடத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். லோக்கல்ஹோஸ்ட் என்பது ஒரு பேரா? பேர் வைக்காத எல்லாப் பெட்டியும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்ளும். இங்கே இருக்கிற ஏதோ ஒன்று, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

வெளியே அச்சு வரவில்லை. ரிப்போர்ட் நிரல் தன் காவல்படி, நீ தங்கச்சி இல்லை, நான் ஓடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. ரத்தம் கொடுத்த நோயாளிகள் மேஜையைச் சுற்றிக் கூடினார்கள். "என்னங்க இது, முதல் நாளே இப்படியா?" என்று ஒருவர் குரலை உயர்த்தினார். அவள் விசைப்பலகையில் கை வைப்பதற்குள் மேனேஜரம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். பின்னாலேயே வியர்த்துக்கொண்டு அண்ணன், அவனுக்குப் பின்னால் இன்ஜினியர்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா மேடம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார் இன்ஜினியர். உட்கார்ந்து, இரண்டு இடம் பார்த்தார். மனுஷன் விவரமானவர், உடனே பிடித்துவிட்டார். "நிரல் தங்கச்சின்னு ஒரு பேரைக் கேக்குது சார். மெஷினுக்கு அந்தப் பேர் இல்ல. யாரோ அன்னைக்கு வாய் வார்த்தையா பேர் வச்சிட்டு, ஃபைல்ல எழுதாம விட்டுருக்காங்க. ஒரு தடவைகூட அணைக்காததால இத்தனை நாள் தெரியல."

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் தாள், அவள் கேட்ட கேள்வி, அண்ணன் சொன்ன பதில். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று அவன் முகமே சொன்னது. சிரித்து, 'அட, நான் வச்ச பேர்தாங்க அது' என்று சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள்.

"யார் இதை செட் பண்ணது?" என்று கேட்டாள் மேனேஜரம்மா.

"எல்லாம் இவங்கதான் பாத்துக்கிட்டாங்க" என்றான் அண்ணன்.

இவங்க. பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ, ஏய், தங்கச்சி என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது. கோபத்தில் கழுதை என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறது. ஒருநாளும் அவளுக்கு 'ங்க' போட்டதில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"இவங்க யாரு?"

"இங்க... கம்ப்யூட்டர் பக்கம் கொஞ்சம் பாத்துக்கறவங்க."

மேனேஜரம்மா புருவத்தைச் சுருக்கினாள். "கம்ப்யூட்டர் பக்கம் உங்ககிட்ட ஆளே இல்லன்னு சொன்னீங்களே சார்? அதனாலதானே இவரை இங்கேயே போஸ்டிங் போட்டு அழைச்சிட்டு வந்தோம்."

அண்ணனின் பார்வை விசிறியில், சுவரில், ஜன்னலில் எல்லாம் போனது. அவள் பக்கம் மட்டும் வரவில்லை.

இன்ஜினியர் பாவம், நடப்பது ஒன்றும் புரியாமல், "தங்கச்சின்னு எதுக்கு சார் பேரு? நல்லா இருக்கே" என்றார்.

"அதுவா, யாரோ விளையாட்டுக்கு வச்சது" என்று சிரித்தான் அண்ணன்.

அட பாவி! விளையாட்டா? அவளுக்கு அங்கேயே கத்தவேண்டும் போலிருந்தது. இது என் கூடப் பிறந்தவன், பேர் வைத்தது இவன்தான், எழுதாமல் விட்டதும் இவன்தான் என்று நாலு பேர் கேட்கச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. கூடத்தில் நின்று அவளுக்காகக் கத்தின அந்த ஒரு நாள் குறுக்கே வந்து நின்றது.

இன்ஜினியர் ஒற்றை வரி அடித்தார். ஹோஸ்ட்நேம், ஒரு இடம், தங்கச்சி. அன்றைக்கு அண்ணன் அடித்த அதே வரி. நிரலைக் கிளப்பினார். வெளியே அச்சு கடகடவென்று ஓடத் தொடங்கியது. வரவேற்புப் பெண் பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மேனேஜரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு நோயாளிகளைச் சமாதானப்படுத்தப் போனாள்.

"ஃபைல்லயும் எழுதிடறேன், கூட்டம் கொஞ்சம் குறையட்டும்" என்று இன்ஜினியரும் கருவிகளைப் பார்க்கப் போனார்.

அண்ணனும் அவளும் மட்டும் இருந்தார்கள். அவன் கதவை மெல்லச் சாத்தினான்.

"தங்கச்சி, தப்பா நினைச்சுக்காதே."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் இடம்னு சொல்லிட்டாங்க. இந்த வயசுல நான் எங்க போவேன்? உன் அண்ணிக்கும் உடம்பு சரியில்ல. நீ என் தங்கச்சின்னு தெரிஞ்சா என் பதவிக்கே வேட்டு. கொஞ்ச நாள் போகட்டும். நானே பக்குவமா பேசி உன்னை உள்ள கொண்டு வந்துடுவேன்."

"பேசிட்டேன்னு சொன்னீங்களே."

'சொன்னியே' என்று கேட்கிறவள் 'சொன்னீங்களே' என்றாள். அவனுக்கு அது உறைத்ததோ என்னவோ, கையைப் பிசைந்தான்.

"பேசணும்னுதான் இருந்தேன் தங்கச்சி. நேரம் வரல."

"அந்த வேலை வந்தப்போ போகாதேன்னு சொன்னதும் நீங்கதானே."

"அதையெல்லாம் இப்ப எதுக்கு இழுக்கறே?"

அவளுக்கு அழுகை வரவில்லை. வராதது அவளுக்கே ஆச்சரியம். இத்தனை வருஷம் எதன்மேல் உட்கார்ந்திருந்தோம்? ஒற்றை வரி. ஒரு தடவை அணைத்தால் போய்விடுகிற ஒற்றை வரி. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்த தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விசைப்பலகையை அருகில் இழுத்தாள்.

"என்ன பண்றே?"

"பேர் எழுதறேன்."

"அதான் ஓடுதுல்ல, போதும்."

அவள் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

ஹோஸ்ட்நேம் கோப்பைத் திறந்தாள். உள்ளே லோக்கல்ஹோஸ்ட் என்று ஒரே ஒரு சொல். அதை அழித்தாள். விரல் கொஞ்சம் நின்றது. வேறு பேர் வைத்துவிடலாம். கம்பெனிப் பேர், அறை எண், எதுவும் வைக்கலாம். அப்படி வைத்தால் நிரலின் காவலையும் மாற்றவேண்டும், பத்து நிமிஷ வேலை. அவள் மாற்றவில்லை. எழுத்து எழுத்தாக, நிதானமாக, தங்கச்சி என்று அடித்தாள். சேமித்தாள். ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் ஒரு வரி எழுதினாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, அச்சில் நின்ற ரிப்போர்ட்டெல்லாம் போய்விட்டதா என்று கேட்டு, ரெண்டு நிமிஷம் யாரையும் கூப்பிடாதே என்று வரவேற்புப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்து, பெட்டியை அணைத்துப் போட்டாள்.

"ஏய், எதுக்கு மறுபடி அணைக்கிறே? கூட்டம் நிக்குது!" அண்ணன் பதறினான்.

"நின்னு எழுந்தாத்தான் தெரியும் சார், பேர் இருக்கா இல்லையான்னு."

சார் என்றதும் அவன் முகம் செத்துப்போனது. நன்றாகச் சாகட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

விசிறி நின்றது, சுற்றியது. வரிகள் ஓடின. திரை நின்றது. கேள்விக்கு முன்னால் தங்கச்சி. யாரும் ஒற்றை வரிகூட அடிக்காமல், நிரல் தானாகக் கிளம்பியது. வெளியே அச்சு ஓடும் சத்தம் கேட்டது.

அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். கருவிப் பக்கம் போய் இன்ஜினியரிடம் கடவுச்சொல்லைச் சொல்லி, "உடனே மாத்திக்குங்க தம்பி. நிரல்ல சந்தேகம் வந்தா உள்ளேயே குறிப்பு எழுதி வச்சிருக்கேன்" என்றாள். அவர் எழுந்து நின்று, "மேடம், நீங்க இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். நல்ல பிள்ளை. அவர்மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு வரை வந்துவிட்டாள். பின்னாலிருந்து வரவேற்புப் பெண் ஓடி வந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? சார் அறையிலேர்ந்து 'தங்கச்சி எங்கே, தங்கச்சி எங்கே'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு மாதிரியா இருக்காரு. எந்தத் தங்கச்சின்னு கேட்டதுக்குக்கூட அவருக்குச் சிரிப்பு வரல."

"உள்ளதான் இருக்கான்னு சொல்லு" என்றாள் அவள். "இனிமே எத்தனை தடவை அணைச்சாலும் போகமாட்டா. அழுத்தி எழுதிட்டேன்."

வரவேற்புப் பெண் வழக்கம்போலச் சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.